பிடியைப் பார்க்கிறவள்

அம்மா கத்தியின் வாயைப் பார்ப்பதில்லை. கத்தி வாங்க வருகிறவர்கள் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுப்பார்கள். முன்னங்கை மயிரை மழித்துப் பார்ப்பார்கள். பழைய செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்ப்பார்கள். அம்மா அலகைக் கடைக்காரர் பக்கம் நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பிடியின்மேல் விரல் ஓட்டுகிறாள். முதலில் முதுகுப்புறம், பிறகு அடிப்புறம், பிறகு இரண்டு பக்கமும். எங்காவது மரம் முடிந்து இரும்பின் குளிர்ச்சி தட்டுப்பட்டால் விரல் அங்கேயே நின்றுவிடும். கண்ணைத் திறந்து கத்தியைப் பலகைமேல் வைப்பாள்.

“இது ஆகாதுங்க.”

கொல்லங்கோட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால் இரும்புக்கடை வைத்திருக்கும் தனபாலுக்கு இது பழகிவிட்டது. மண்வெட்டி, கயிறு, பம்புசெட் உதிரி எல்லாம் விற்கிறவர்; கத்திக்கென்று ஒரு சுவரை ஒதுக்கியிருக்கிறார். எட்டு மாதத்தில் அம்மா அந்தச் சுவரில் பாதியைத் தடவிவிட்டாள். ஐந்து கத்திகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த நாளே அதே தாளில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“ஏனுங்க அக்கா, கத்திய வெட்டறக்கு வாங்கறீங்களா, புடிச்சுட்டு நிக்கறக்கு வாங்கறீங்களா?”

“புடிச்சாத்தானுங்களே வெட்டறது.”

“மாப்ள பாக்கறவங்ககூட இத்தன சாதகத்தத் தள்ளமாட்டாங்க.”

“மாப்ள செரியில்லீன்னா பொறந்த ஊட்டுக்குத் திரும்பி வந்தரலாமுங்க.”

தனபால் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவருக்கு எங்கள் வீட்டில் நடந்தது தெரியும். கொல்லங்கோட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவின் பெயர் பொன்னாத்தாள். வயது ஐம்பத்தேழு. தென்மலை அடிவாரத்தில், காட்டை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் நெல்வயல் அவளுடையது. ஐந்தடிக்குக் குறைவான உயரம். நாற்பது வருடம் நாற்றுக்கட்டும் வைக்கோலும் சுமந்ததில் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். தார்ச்சாலை வந்ததும் போட்டுக்கொள்வாள். வரப்பு வழுக்கும், செருப்பு தேயும் என்று இரண்டு காரணம் சொல்வாள். எந்த வேளையும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். ஏதாவது மறக்கக் கூடாது என்றால் முந்தானையில் ஒரு முடிச்சு. சந்தைக்குப் போகிற நாளில் முந்தானையே ஒரு மாலை போல இருக்கும். எந்த முடிச்சு எதற்கு என்று கேட்டால், “அதுக்குத் தெரியும்” என்பாள்.

காட்டுப்பன்றியை அவள் பேர் சொல்வதில்லை. மூக்கன் என்பாள். “மூக்கன் வந்துட்டுப் போயிருக்கறான், வாய்க்காலு பூரா உழுதுட்டான், கூலிதான் வாங்காமப் போயிட்டான்.” தண்ணீரோடும் பேசுவாள். மடை திறந்ததும் வராத தண்ணீரை, “வாடா, உனக்கென்ன வெத்தல பாக்கு வெக்கோணுமா?” என்பாள்.

அந்தத் தண்ணீர்தான் அவள் தொழில். வயலுக்கு மேலே, காட்டுக்குள் இருநூறு மீட்டர் தூரத்தில் ஓர் ஊற்று. அங்கிருந்து ஒரு மண்வாய்க்கால். ஆறு குடும்பத்துக்கு முறைத் தண்ணீர். எங்கள் முறை காலை ஆறு மணிக்கு. தினமும் யாராவது மேலே போய் வாய்க்காலில் இறங்கிய வேரையும் கொடியையும் வெட்டி, பன்றி சரித்த கரையைத் தூக்கி, தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். ஒருநாள் போகாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். இந்த வேலைக்கு அரிவாள் நீளம். வாய்க்காலுக்குள் வீச இடமில்லை. அடுப்படிக் கத்தி மெலிசு, வேரில் வளைந்துவிடும். ஒரு சாண் அலகுள்ள, கனமான, ஈரத்தில் வழுக்காத கத்தி வேண்டும். இடுப்பில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

வயலுக்கும் ஊற்றுக்கும் நடுவில் சூரிய மின்வேலி. பன்றியும் யானையும் இறங்காமலிருக்க விவசாயிகள் சேர்ந்து போட்டது. விட்டுவிட்டு ஒரு துடிப்பு வரும். சுண்டி இழுக்கும், கொல்லாது. காலை ஏழு மணிக்குத்தான் நிறுத்துவார்கள். எங்கள் முறையோ ஆறு மணிக்கு. கம்பியைக் கழற்றி வழிவிடுவதற்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் பிடிபோட்ட கொக்கி உடைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. இடுப்புக் கத்தியை உருவி, அதன் பட்டையால் கீழ்க்கம்பியைத் தூக்கி, குனிந்து நுழைந்து போவார். அந்தப் பழைய கத்தியின் பிடி முழு மரம். அலகின் இரும்பு ஓர் ஆணிபோல மரத்துக்குள் பாதியிலேயே முடிந்திருந்தது. கம்பியில் என்ன ஓடினாலும் அவர் கைக்கு வராது. முப்பது வருடம் கையிலிருந்த கத்தி. சாணை பிடித்துப் பிடித்து அலகு பென்சில் அகலத்துக்குத் தேய்ந்துவிட்டது.

நான் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்பட ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இரும்பின் கடினம் அளப்பது என் வேலை. எஃகு பற்றி எனக்குத் தெரியும் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன்.

“அம்மிணி, நல்ல கத்தியா ஒண்ணு பாத்து அனுப்பு. உன்ற கண்ணுல பாத்ததுன்னா இன்னொரு முப்பது வருசம் ஓடும்.”

மூன்று வாரம் பார்த்தேன். வேட்டைக்கும் காட்டுக்கும் என்று விற்கிற கத்திகளில் பதினேழை வரிசைப்படுத்தி அட்டவணை போட்டேன். கடினம் ஐம்பத்தெட்டு, அதற்கு மேல் போனால் வேரைக் கொத்தும்போது வாய் உதிரும். அலகு நாலரை அங்குலம். தடிமன் நாலு மில்லிமீட்டர். மடக்குக்கத்தி கூடாது, மண் புகுந்தால் பூட்டு விழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலகும் பிடியும் ஒரே துண்டு இரும்பாக இருக்க வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, இரண்டு பக்கமும் மரத்தை ஒட்டி, குறுக்கே மூன்று பித்தளை ஆணி அடித்திருக்க வேண்டும். அதுதான் உடையாது. எந்த நிபுணரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். சரியான பதில்தான். பிடியைச் சுற்றிலும் இரும்பின் விளிம்பு வெளியே தெரிந்தது. பித்தளை ஆணிகள் பளபளத்தன. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பா அதைக் கொண்டு மின்கம்பியைத் தூக்குவார் என்பது என் அட்டவணையில் இல்லை. அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பள்ளிக்கூட நாளில் அவர் தூக்கிய கம்பிக்குக் கீழே நானே நுழைந்து போயிருக்கிறேன்.

கத்தி போய்ச் சேர்ந்த அன்றே பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். இரண்டாம் நாள் காலை போன் செய்தார். நான் ஆலையில் இருந்தேன். இயந்திரத்தில் ஒரு துண்டை ஏற்றியிருந்தேன்.

“கத்தி நெம்ப ஜோரு அம்மிணி. வேரு வெண்ணையாட்டம் போகுது. கம்பியத் தூக்கினாத்தான் கையில சுள்ளுங்குது.”

“துணி சுத்திக்குங்கப்பா. ஷிப்ட் முடிஞ்சு கூப்பிடறேன்.”

பத்து விநாடிகூட இருக்காது. ஷிப்ட் முடிந்ததும் நான் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் காலை மழை தூறியிருந்தது. பக்கத்து வயல் பூபதிராஜா, பன்றித் தொல்லை தாங்காமல், தன் மோட்டார் அறையிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து ஒரு கம்பியை இழுத்து வரப்பின் குறுக்கே கட்டியிருந்தார். யாருக்கும் சொல்லவில்லை. விடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று இருந்தவர் தூங்கிவிட்டார். அப்பா ஆறு மணிக்கு வந்தார். வேலிக்கம்பிதான் அறுந்து விழுந்து கிடக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். எடுத்துத் தூணில் மாட்டிவிட்டுப் போகிறவர் அவர். கத்தியை உருவி அதன் பட்டையால் தூக்கினார். ஒரு கால் வாய்க்காலில் இருந்தது. வீட்டு மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்காது. பிடித்த கையை விடவும் விடாது.

போலீஸ் எழுதிய பட்டியலில் ஒரு வரி: துணி சுற்றிய கத்தி, ஒன்று. கத்தி இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறது. பூபதிராஜா ஜாமீனில் வெளியே இருக்கிறார். வரப்பில் எதிரே வந்தால் வயலுக்குள் இறங்கி நின்று அம்மாவுக்கு வழி விடுகிறார். அம்மா அவரைப் பற்றி இதுவரை ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருக்கிறாள். “அவன் மூக்கனுக்கு வெச்சான்.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு அம்மா வாய்க்காலுக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். வேலிக்கு முன்னால் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு சேற்றில் குப்புறப் படுத்தாள். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் இடையே முக்கால் முழ இடம். அந்த இடத்தில், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மண்ணில் வைத்து, முழங்கையால் இழுத்து இழுத்து ஊர்ந்து அந்தப் பக்கம் போனாள். கம்பி அவள் முதுகுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் இருந்தது. நான் எண்ணினேன். பதினான்கு விநாடி.

எட்டு மாதமாகத் தினமும் இரண்டு முறை இது நடக்கிறது. போக ஒரு முறை, வர ஒரு முறை; ஏழு மணிக்கு மேல் கம்பியில் ஒன்றும் ஓடாது என்றாலும் அப்படித்தான். அந்தத் துடிப்பு கொல்லாது என்று சொன்னேன். எனக்கே அந்த வார்த்தையில் இப்போது நம்பிக்கை இல்லை. சேற்றில் குப்புறக் கிடக்கிற, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருத்திக்கு, கழுத்தில் பட்டால் என்ன ஆகும் என்று எந்த அட்டவணையிலும் இல்லை. புதிய கொக்கி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு அங்குலத் தடிமனுக்குப் பிளாஸ்டிக். அம்மா அதைத் தொடுவதில்லை. மூங்கில் குச்சியால் தூக்கு என்றேன். “மழ பேஞ்சா மூங்கிலும் நனையும்” என்றாள். சரிதான். நனையும்.

வாய்க்காலில் வெறும் கையால் வேரைப் பிடுங்குகிறாள். உள்ளங்கை இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் மண் ஏறிக் கறுத்துவிட்டன. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவுகிறாள். கத்தி இல்லாமல் அந்த வேலை ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கத்தி இருந்தால் இருபது நிமிடம். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு கோயம்புத்தூரில் என்னோடு வந்து இருக்கும்படி மாமா சொன்னார், நான் சொன்னேன், கிருஷிபவன் வேளாண் அலுவலகத்தில் இருந்து வந்தவர்கூடச் சொன்னார்.

“வந்து என்ன பண்றது? பைப்பத் திருகித் தண்ணி புடிக்கறதா?”

“சும்மா இரும்மா. உக்காந்து சாப்பிடு.”

“உக்காந்தா அவரு நெனப்பு வருதுங் கண்ணு. நடந்தா எதோ கொஞ்சம் பின்னால வருது.”

ஆகவே கத்தி. ஒவ்வொரு முறையும் கொல்லங்கோட்டுக்குப் போகும்போது ஒரு முடிச்சு கத்திக்கு. நான் சனிக்கிழமைதோறும் வருகிறேன். இரும்பு தெரிந்தவள், கூட இருக்கிறேன். அவள் கண்ணை மூடித் தடவுவதைப் பார்க்கிறேன். எந்த வார்த்தையும் சொல்லாமல் எட்டு மாதம் பார்த்தேன். தொழிலில் நான் சொல்லாத சோதனை முடிவு என்று ஒன்று கிடையாது. இதை மட்டும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை தனபால் புதிதாக வந்ததையெல்லாம் எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு நிறம்; முதுகில் ரம்பப் பல்; பிடியின் அடியில் ஒரு மூடி.

“இது மலையேறப் போறவங்க வாங்கறதுங்க. பின்னால திருகினீங்கன்னா தெச காட்டற முள்ளு இருக்குது பாருங்க.”

“என்ற வயலுக்கு நான் வழி தப்பிப் போயிருவனாக்கும்.”

“உள்ள தீப்பெட்டி வெச்சுக்கலாமுங்க.”

“பீடி நான் விட்டு நாளாச்சுங்க.”

கடையில் கயிறு வாங்க வந்தவர்கூடச் சிரித்துவிட்டார். அம்மா பீடி குடித்ததே இல்லை. அந்தக் கத்தியை நான் வாங்கிப் பார்த்தேன். பிடி வெறும் குழாய். அலகு அதில் விரல் நீளத்துக்குத்தான் திருகப்பட்டிருந்தது. நாலு கொத்தில் கழன்றுவிடும். வேண்டாம் என்று தலையசைத்தேன். அடுத்தது கண்ணாடிபோல மின்னும் துருப்பிடிக்காத எஃகு. மென்மை, மரம்கூட அதை மழுக்கும். அடுத்தது இரண்டு பக்கமும் வாய் உள்ள குத்துக்கத்தி. கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்த முடியாது. நாலாவது நான் அப்பாவுக்கு அனுப்பிய கத்தியின் தம்பி. வேறு கம்பெனி, அதே அமைப்பு. மூன்று ஆணி.

அம்மா அதை எடுத்தாள். கண்ணை மூடினாள். விரல் முதல் ஆணியில் நின்றது. இந்த முறை அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். வேலைக்கு வைத்திருப்பது. இரண்டு முனைக்கும் நடுவே மின்சாரத்துக்கு வழி இருந்தால் சத்தம் போடும், இல்லாவிட்டால் போடாது.

“ஏனுங்க அம்மிணி, கத்திக்கு ஈசிஜி எடுக்கறீங்களா?” என்றார் தனபால்.

ஒரு முனையை அலகில் வைத்தேன். மறுமுனையைப் பித்தளை ஆணியில் வைத்தேன். மீட்டர் கூவியது. அம்மா ஓர் அடி பின்னால் போனாள்.

“மறுக்கா வெய்யி.”

வைத்தேன். கூவியது.

“அலகுல தொட்டது அப்படியே கைக்கு வந்துரும்மா. உள்ள இரும்பு கடைசி வரைக்கும் போகுது. நான் அனுப்பினதும் இப்படித்தான். நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன்.”

“அது எனக்குத் தெரியுங் கண்ணு.” அவள் குரலில் ஒன்றுமில்லை. “தடவுனாத் தெரியுதே, அதுக்கு மிசினு வேணுமா. நாங் கேக்கறது துணி.”

“என்ன துணி?”

“நாங் கிழிச்சுச் சுத்திக் குடுத்தது. பழைய தோர்த்துத் துண்டு. ஆஸ்பத்திரில ஒருத்தரு சொல்லீட்டு இருந்தாரு, ஈரத்துணிதான் இழுத்துப்போட்டுதுன்னு. எந்தக் கத்திய எடுத்துட்டுப் போனாலும், ஊட்டுல வெச்சுப் பாத்தா அந்தத் துணிதான் தெரியுது. நீ படிச்சவ. துணி சுத்தாம இருந்திருந்தா இருந்திருப்பாரா?”

அவள் ஐந்து கத்திகளைத் திருப்பிக் கொடுத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் தப்பை அல்ல, தன்னுடையதை.

“துணி இல்லாட்டியும் அதேதாம்மா. கை நேரா ஆணில பட்டிருக்கும். இன்னும் மோசம்.”

இது உண்மை. பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்த உண்மை. அம்மாவின் முகம் மெதுவாக இளகியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு முழுதாக வெளியே வந்ததைக் கேட்டேன். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அப்பறம் எதுக்குத் துணி கேட்டாரு?” என்றாள் அவள், கத்தியைப் பார்த்துக்கொண்டே. “ஒரு நாளும் கேக்காதவரு. முப்பது வருசத்துல கையுறைகூடப் போடாதவரு. வந்து நின்னுக்கிட்டு ஒரு முழத் துணி குடுங்கறாரு.”

தனபால் கடையில் மின்விசிறி ஒன்று கட்டைக் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் மீட்டரை அணைத்தேன்.

“நான்தாம்மா சொன்னேன். அப்பா போன் பண்ணினாங்க. கம்பியத் தூக்கினா சுள்ளுங்குதுன்னாங்க. வேலையா இருந்தேன். துணி சுத்திக்குங்கன்னேன்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“சுள்ளுனு இருந்திருந்தா அந்தக் கத்தியால கம்பியத் தொடறத விட்டிருப்பாங்க. ரெண்டு நாள்ல விட்டிருப்பாங்க. துணி சுத்தினதும் காஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியல. அதனால தொட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தச் சுள்ளுங்கறத நான் இல்லாமப் பண்ணிட்டேன்.”

கயிறு வாங்க வந்தவர் கயிறில்லாமலே வெளியே போனார். தனபால் உள்ளே எதையோ தேடப் போனார். அங்கே தேடுவதற்கு எதுவும் கிடையாது, பின்சுவர்தான்.

அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருப்பேன். மெதுவாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்குவதுபோலச் சொன்னாள்.

“நீ சொன்ன. நாஞ் சுத்துனேன். அவரு புடிச்சாரு.”

அவ்வளவுதான். “தனபாலு, வாங்க” என்று கூப்பிட்டாள். சுவரின் ஓரத்தில் தொங்கிய ஒரு கத்தியைக் காட்டினாள். பழைய லாரி வில்பட்டையை அடித்துச் செய்தது. கறுப்பு அலகு, உருட்டுக்கட்டைப் பிடி, கழுத்தில் ஒரு பூண். நான் அதை வாங்கி ஒரு முனையை அலகிலும் மறுமுனையைப் பிடியின் மரத்தில் பல இடங்களிலும் வைத்துப் பார்த்தேன். மீட்டர் பேசவில்லை. அவளிடம் நீட்டினேன்.

“இதக் கட்டிக் குடுங்க” என்றாள் தனபாலிடம்.

“தடவிப் பாக்கலீங்களா?”

“என்னத்தப் பாக்கறது.”

பார்க்காமல் வாங்கினாள். எட்டு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். அம்மா ஒரு கத்தி வாங்கிவிட வேண்டும் என்று. பேருந்தில் அவள் மடியில் அந்தத் தாள் பொட்டலம் கிடந்ததைப் பார்க்கப் பயமாக இருந்தது. தடவிப் பார்த்தவரைக்கும் அவளுக்கு உயிர்மேல் ஓர் அக்கறை இருந்தது. இனி அவள் கையில் எந்தக் கத்தியும் ஒன்றுதான். நாளைக்கு அதை உருவி, அப்பாவைப்போலக் கம்பியைத் தூக்குவாளோ என்று நினைத்தேன். மரம்தான். சோதித்ததுதான். ஆனால் மழை பெய்தால் மரமும் நனையும். வீட்டுக்கு வந்தோம். அவள் நின்றுகொண்டு சாப்பிட்டாள். நானும் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து நான் கதவருகே நின்றேன். அவள் கத்தியை உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இரவில் நல்ல மழை. வரப்பு முழுக்கச் சேறு. பூபதிராஜாவின் மோட்டார் அறை பூட்டிக் கிடந்தது. போலீஸ் ஒட்டிய தாள் பாதி கிழிந்து தொங்கியது. அதைத் தாண்டும்போது அவள் நடை வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

வேலிக்கு முன்னால் நின்றாள். கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் எங்கோ பெட்டியிலிருந்து வரும் அந்தச் சின்ன டிக், டிக் சத்தம் கேட்டது. அவள் கை இடுப்புக்குப் போனது. கத்தி உறையிலிருந்து பாதி வெளியே வந்தது.

“அம்மா.”

அவள் திரும்பவில்லை. கம்பியைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. பிறகு கத்தி உறைக்குள் போனது. செருப்பைக் கழற்றினாள். புடவையைச் சுருட்டிச் செருகினாள். சேற்றில் படுத்தாள். ஊர்ந்தாள். முதுகுக்கு மேல் கம்பி நாலு விரல் உயரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் போய், மண்டியிட்டு எழுந்து, முகத்தில் ஒட்டிய மண்ணை வழித்தாள்.

“நீ அங்கயே நில்லு.”

நான் நிற்கவில்லை. படுத்தேன். சேற்றில் சாண வாடையும் அழுகிய இலை வாடையும் இருந்தன. முழங்கையால் இழுத்தேன். நான் அவளைவிட உயரம், பருமனும் கூட. எனக்கு அந்த இடம் போதவில்லை. பாதியில் தலை நிமிர்ந்துவிட்டது.

அம்மா அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினாள். கம்பிக்கும் என் தலைக்கும் நடுவே இருந்த அந்த நாலு விரல் இடத்தில் வெடித்த உள்ளங்கையை நுழைத்து, என் உச்சியில் வைத்து, முகம் சேற்றில் புதையும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.